உருகுநிலைப் பட்டியல் சொல்லாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, உயர் உருகுநிலை உலோகங்களைப் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். டங்ஸ்டன், ரீனியம், டாண்டலம், மாலிப்டினம், நியோபியம் ஆகியவற்றுக்காகத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்குவது அடிக்கடி நடப்பதன்று. அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவே கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருந்த உருகுநிலைப் பட்டியலும், உருகுநிலை உயர உயர உலோகம் தாங்கும் வெப்பமும் அதே அளவில் உயரும் என்ற பொருளில் அதன் அடியில் இடம்பெற்றிருந்த விளக்கமும், படிப்பவர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்று அஞ்சுகிறேன். கோவையிலும் வாளையாறு, கஞ்சிக்கோடு வட்டாரத்திலும் உள்ள தொழிற்கூடங்களில் உலோகங்களுக்கு வெப்பப் பதமேற்றும் வேலையில் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் தங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டி வகுப்பறைப் பலகையில் ஒட்டி வைக்கிறார்கள். அவர்களில் பலர் நாளை ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் போய், பிறகு இதே பட்டறைகளுக்கு வரப்போகிறவர்கள் என்பதால் இந்தப் பிழையைப் பேசாமல் விட மனம் வரவில்லை.

பட்டியலில் உள்ள எண்கள் சரியே. டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸ், ரீனியம் 3,186, டாண்டலம் 3,017, மாலிப்டினம் 2,623, நியோபியம் 2,477. இரும்பின் 1,538-ஐ இவற்றின் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த உலோகங்களால் செய்த உறுப்பு ஒன்று, தன் உருகுநிலையை எட்டி, உருகி வீணானதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அவை தொய்ந்து வீணாயின. சூட்டைத் தாங்கிவிட்டு ஆறியபின், கைபட்டதும் முறிந்து வீணாயின. காற்றுப் பட்டுப் புகைந்து தேய்ந்தன. வேறோர் உலோகம் சொட்டிய இடத்தில் ஓட்டை விழுந்து போயின. இந்த நான்கில் எதையும் உருகுநிலைப் பட்டியல் சொல்லாது.

முதலில் தொய்வைப் பார்ப்போம். ஒரு உலோகத்துக்கு எது அதிகச் சூடு என்பதை உலோகவியலாளர்கள் செல்சியஸ் எண்ணை வைத்துச் சொல்வதில்லை. வெப்பநிலையையும் உருகுநிலையையும் கெல்வின் அளவில் (செல்சியஸ் எண்ணுடன் 273 கூட்டினால் வருவது) எழுதி, முன்னது பின்னதில் எத்தனை பங்கு என்று பார்க்கிறார்கள். ஏறத்தாழ பத்தில் நான்கு பங்கைத் தாண்டிவிட்டால், திண்மமாகவே இருக்கும் உலோகத்துக்குள் அணுக்கள் இடம் விட்டு இடம் மாறும் வேகம் கணக்கில் கொள்ளத்தக்கதாகிவிடும். அதன்பின், உடனடியாக வளைக்கப் போதாத சிறு பளுகூட, நேரம் செல்லச் செல்ல அந்த உலோகத்தை நீட்டிக்கொண்டே போகும். பட்டறையில் க்ரீப் என்றும், பாடநூலில் ஊர்வு என்றும் சொல்வது இதைத்தான். ஈயத்தின் உருகுநிலை 600 கெல்வின். நம் ஊர்ப் பகல் வெப்பம் 300 கெல்வினுக்குச் சற்று மேல். ஆகவே ஈயம் வெயிலில் கிடக்கும்போதே பாதி வழி வந்துவிட்டது. பழைய கட்டடங்களின் ஈயக் குழாய்கள் தாங்கிகளுக்கு இடையே தம் சொந்த எடையாலேயே தொங்கிப்போவது அதனால்தான். இதே கணக்கை டங்ஸ்டனுக்குப் போட்டால் 1,200 டிகிரி செல்சியஸ் அளவிலும், மாலிப்டினத்துக்கு 885 அளவிலும், நியோபியத்துக்கு 830 அளவிலும் ஊர்வு தலைகாட்டும். 2,477 டிகிரி வரை நியோபியம் தாங்கும் என்று நம்பிவிட்ட மாணவனுக்கு இந்த 830 என்ற எண் எவ்வளவு முக்கியம் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

ஊர்வு ஒரே வழியில் நடப்பதில்லை. உலோகம் என்பது கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற படிக மணிகளின் தொகுப்பு. ஒவ்வொரு மணிக்குள்ளும் அணு அடுக்கில் டிஸ்லொகேஷன் எனப்படும் பிழைக்கோடுகள் உண்டு. உலோகம் வளைவதும் நீள்வதும் அந்தக் கோடுகள் நகர்வதால்தான். குளிர்ந்த நிலையில் வழியில் தடை வந்தால் கோடு அங்கேயே நின்றுவிடும். சூடான நிலையில் சுற்றியுள்ள அணுக்கள் விலகியும் சேர்ந்தும் கொடுப்பதால், நின்ற கோடு ஒரு அடுக்கு மேலேறித் தடையைக் கடந்து மறுபடி நகரத் தொடங்கும். இந்த வகையில் ஊர்வின் வேகம் பளுவுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. பெரும்பாலும் பளுவின் நான்காம் அடுக்கு (பவர்) முதல் ஏழாம் அடுக்கு வரை ஏறும். ஐந்தாம் அடுக்கு என்று வைத்துக்கொண்டால், பளுவை இரட்டித்தால் நீளும் வேகம் 32 மடங்கு. கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் கொஞ்சம் சீக்கிரம் தொய்யும் என்று அடுப்புத் தட்டுகளில் சரக்கை அடுக்குகிறவர்கள் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது.

பளு மிகக் குறைவாக இருக்கும்போது வேறொரு வழி முந்திக்கொள்ளும். மணிகளின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அணுக்களே மெல்ல இடம்பெயர்ந்து, மணியின் வடிவத்தையே நீட்டிவிடும். மணியின் உள்ளுடல் வழியே இது நடப்பதை நபாரோ 1948-லும் ஹெர்ரிங் 1950-லும் விளக்கினார்கள். மணிகளின் எல்லை வழியே நடப்பதைக் கோபிள் 1963-ல் விளக்கினார். இங்கேதான் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுகிறார்கள். மணி சிறிதாக இருந்தால் உலோகம் வலிமையானது என்று முதலாம் ஆண்டிலேயே படித்திருப்பார்கள். குளிர்ந்த நிலையில் அது உண்மை. உயர் வெப்பத்தில் மணி சிறிதானால் எல்லைகள் அதிகம், அணுக்கள் போகவேண்டிய தூரமும் குறைவு. ஆகவே ஊர்வு விரைவு. அந்த எல்லைகளில் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றி, பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து விரிசலாவதும் இதே நிலையில்தான்.

இதற்கெல்லாம் நம் வீடுகளில் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பைவிட நல்ல சான்று கிடையாது. எல்.இ.டி. வந்தபின் அது கடைகளில் அருகிவிட்டதால், இழை எப்படிச் சாகும் என்பதைப் பார்க்காத ஒரு தலைமுறையே வந்துவிட்டது. அந்த இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸில் எரிந்தது. அதாவது கெல்வின் கணக்கில் தன் உருகுநிலையில் முக்கால் பங்கு வெப்பத்தில். பொறியியலில் வேறெந்த உலோக உறுப்பும் அன்றாடம் பொதுமக்கள் கையில் இவ்வளவு சூட்டில் உழைத்ததாக எனக்குத் தெரியவில்லை. முறியும் தன்மையால் எவராலும் கம்பியாக இழுக்க முடியாதிருந்த டங்ஸ்டனை, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வில்லியம் கூலிட்ஜ் 1910-ஆம் ஆண்டை ஒட்டி இழுத்துக் காட்டினார். ஆனால் தூய டங்ஸ்டன் இழைக்கு ஒரு நோய் இருந்தது. எரிய எரிய அதன் மணிகள் வளர்ந்து, ஒவ்வொன்றும் இழையின் முழுக் குறுக்களவையும் அடைத்துக்கொள்ளும். இரண்டு மணிகளுக்கு இடையிலான எல்லை இழையைக் குறுக்கே வெட்டியதுபோல் நிற்கும். அந்த எல்லையில் ஒரு துண்டு மற்றொன்றின் மேல் வழுக்கி விலக, அங்கே இழை மெலிந்து, மெலிந்த இடம் மேலும் சூடேறி அறும்.

இதற்குக் கண்ட மருந்து விந்தையானது. டங்ஸ்டன் ஆக்சைடுத் தூளில் பொட்டாசியம், சிலிக்கன், அலுமினியம் ஆகியவற்றின் சேர்மங்களைச் சிறிதளவு கலந்து, அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கி, அழுத்தி, சுட்டு, கம்பியாக இழுத்தார்கள். அலுமினியமும் சிலிக்கனும் சுடும்போதே பெரும்பாலும் வெளியேறிவிடும். பொட்டாசியம் டங்ஸ்டனில் கரையாது. அணு பெரிதாகையால் எளிதில் வெளியேறவும் முடியாது. ஆகவே கம்பியை இழுக்கும்போது அதன் நீளவாக்கில் வரிசை வரிசையாக நுண்குமிழிகளாகத் தங்கிவிடும். இந்தக் குமிழிகள் மணி எல்லையைக் குறுக்கே நகரவிடாமல் பிடித்துவைக்கின்றன. அதனால் மணிகள் நீளவாக்கில் மட்டும் வளர்ந்து, கொத்தனார் செங்கல் வரிசையில் மூட்டுக்கு நேர் மூட்டு விழாமல் மாற்றி அடுக்குவதைப்போல ஒன்றையொன்று கோத்து நிற்கின்றன. வழுக்கி விலக நேரான எல்லை இல்லை. தொய்யாத இழை என்று உலகம் முழுவதும் விற்ற பொருளின் ரகசியம் இந்தக் குமிழிகள்தான் என்பது, அது புழக்கத்துக்கு வந்து பல பத்தாண்டுகளுக்குப் பின், மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோதே புலப்பட்டது. தூய டங்ஸ்டன், குமிழி டங்ஸ்டன் இரண்டுக்கும் உருகுநிலை ஒன்றே. பட்டியலில் இரண்டும் ஒரே வரியில்தான் நிற்கும்.

அந்த இழையும் கடைசியில் அறுந்துதான் போனது. அங்கே காரணம் ஆவியாதல். இழையில் எங்கேனும் ஓரிடம் சற்று மெலிந்திருந்தால் அங்கே மின்தடை அதிகம், சூடு அதிகம், ஆவியாதலும் அதிகம். ஆகவே அது மேலும் மெலியும். குளிர்ந்த இழையின் மின்தடை எரியும் இழையின் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவே என்பதால், சுவிட்சைப் போட்ட நொடியில் மின்னோட்டம் பாய்ந்து, அந்த மெலிந்த இடத்தை முடித்துவிடும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிடப் போட்டவுடன் பளிச்சென்று போவதை நாமெல்லாம் பார்த்தது இதனால்தான். 1913-ல் அதே ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் லாங்மியூர் பல்புக்குள் வாயுவை நிரப்பச் சொன்னதும் இந்த ஆவியாதலை மட்டுப்படுத்தவே.

இனி முறிவு. இதைத்தான் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது. பட்டறைகளில் அதிக நட்டம் தருவதும் இதுவே. செம்பைச் சூடாக்கி ஆறவிட்டால் அது மென்மையாகி, வளைக்க வசதியாகும் என்று பாத்திரம் அடிப்பவர்களுக்குத் தெரியும். மாலிப்டினமும் டங்ஸ்டனும் இதற்கு நேர்மாறானவை. உருட்டியும் இழுத்தும் தட்டியும் செய்யும்போது அவற்றின் மணிகள் நார்நாராக நீண்டிருக்கும். அந்த நிலையில்தான் அவை ஓரளவு வளையும். ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் போனால், அந்த நார் அமைப்பு அழிந்து புதிய உருண்டை மணிகள் பிறக்கின்றன. மாலிப்டினத்துக்கு இது 1,000 டிகிரி வாக்கிலும், டங்ஸ்டனுக்கு 1,200 முதல் 1,500 வரையிலும், முன்பு எவ்வளவு அடித்து உருட்டப்பட்டது என்பதைப் பொறுத்து நடக்கும். ஆக்சிஜன் போன்ற மாசுகள் இவ்வுலோகங்களின் படிகத்துக்குள் ஏறத்தாழக் கரைவதே இல்லை; ஆகவே அவை மணி எல்லைகளில் ஒதுங்குகின்றன. போதாக்குறைக்கு, இவ்வகைப் படிகத்தில் பிழைக்கோடுகள் நகர்வதற்கே வெப்பத்தின் உதவி வேண்டும்; குளிர்ந்தால் அவை உறைந்ததுபோல் நின்றுவிடும். ஆகவே புதிய மணிகள் பிறந்த டங்ஸ்டன், 200 முதல் 400 டிகிரி வரையான வெப்பத்துக்குக் கீழே வந்ததும் வளைவதற்குப் பதில் எல்லையோடு பிளக்கும்.

வெற்றிட அடுப்புகளில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். புதிதாக வந்த மாலிப்டினப் பட்டையை, சற்றுக் கவனத்தோடு, கையால் வளைத்துப் பொருத்தலாம். சில காலம் ஓடிய அடுப்பில் அதே பட்டை பார்வைக்கு முன்போலவே, சொல்லப்போனால் முன்னைவிடப் பளபளப்பாக இருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று துணியால் அழுத்தித் துடைத்தால் துண்டாகக் கையோடு வரும். முறிந்த முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், சர்க்கரைக் குருணைபோல மணிமணியாக மின்னும். அடுப்பு ஓடும்போது அது முறியாது, ஏனென்றால் அப்போது அது சூடாக இருக்கிறது. சூட்டில் பட்ட சேதம் குளிரில்தான் வெளியே தெரிகிறது. டைட்டேனியம், சிர்கோனியம், கரி ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்த டி.இசட்.எம். என்னும் மாலிப்டினக் கலவையில் புது மணிகள் பிறக்கும் வெப்பநிலை 1,400 டிகிரி வாக்குக்கு உயர்கிறது. அதன் உருகுநிலை தூய மாலிப்டினத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. ஆயுளோ பல மடங்கு.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர்கள் காலையில் முதல் நோயாளியை அழைக்குமுன், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிச் சில முறை வெறுமனே கதிரைப் பாய்ச்சுவதைப் பலர் பார்த்திருக்கலாம். குழாய்க்குள் சுழலும் தட்டின் பரப்பு டங்ஸ்டன். எலெக்ட்ரான்கள் கொண்டுவரும் ஆற்றலில் 99 விழுக்காடு அளவு அந்தப் பரப்பில் வெப்பமாகவே இறங்குகிறது. குளிர்ந்து, முறியும் நிலையில் இருக்கும் தட்டின் ஒரு புள்ளியில் முழு ஆற்றலையும் ஒரேயடியாக இறக்கினால் அது விரிசல்விட்டுப் பிளந்துவிடும். முன்கூட்டிச் சூடேற்றினால் வளைந்துகொடுக்கும் நிலைக்கு வந்துவிடும். அப்படியிருந்தும், சூடேறி ஆறி, சூடேறி ஆறி, எலெக்ட்ரான் படும் வளையத்தில் வலைப்பின்னல்போல் விரிசல் விழுந்து பரப்பு சொரசொரப்பாகும். கதிரின் அளவும் குறையும். இதைத் தள்ளிப்போடவே அந்த டங்ஸ்டனில் ரீனியம் சேர்க்கிறார்கள். ரீனியம் சேர்த்தால் மாலிப்டினமும் டங்ஸ்டனும் வளையும் தன்மை பெறுகின்றன என்பதை 1955-ல் இங்கிலாந்தில் கீச், ஹியூஸ் ஆகியோர் கண்டறிந்தார்கள். ரீனியத்தின் உருகுநிலை டங்ஸ்டனைவிடக் குறைவு என்பதைத் தங்கள் பட்டியலே சொல்கிறது; உருகுநிலையே அளவுகோல் என்றால் இந்தச் சேர்க்கைக்கு நியாயமே இல்லை.

அடுத்தது காற்று. கஞ்சிக்கோட்டில் ஆர்கான் வெல்டிங் பார்க்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். கையிலுள்ள டங்ஸ்டன் ராடின் முனை, வில்பொறி (ஆர்க்) எரியும்போது, அந்தப் பட்டறையிலேயே மிகச் சூடான உலோகம்; ஆனாலும் சுற்றிலும் ஆர்கான் போர்த்தியிருக்கும் வரை அதற்கு ஒன்றும் ஆவதில்லை. வேலை முடிந்து ஆர்க்கை அணைத்தபின்னும் சில நொடிகள் கேஸ் வந்துகொண்டே இருக்கும்படி மெஷினில் வைத்திருப்பார்கள். சிலிண்டரை மிச்சம் பிடிக்க எண்ணி அந்த நேரத்தைக் குறைத்தால், வெள்ளிபோல் இருக்கவேண்டிய முனை நீலமாகிப் பிறகு கறுக்கும்; அடுத்த முறை பற்றவைக்கும்போது ஆர்க் ஓரிடத்தில் நில்லாமல் அலையும்; ராடைத் திரும்பச் சாணை பிடிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி, ஆவணியில் அடிக்கும் காற்று திறந்த ஷெட்டுக்குள் புகுந்தால், ஆர்கான் போர்வை கலைந்து, முனையிலிருந்து டங்ஸ்டன் ஆக்சைடின் மஞ்சள் நிறப் பூச்சு, முனையைச் சுற்றியுள்ள டார்ச்சின் குவளைமீது படிவதைப் பார்க்கலாம். தார்ப்பாய் கட்டி மறைத்துக்கொண்டு வேலை செய்வது அதனால்தான். 3,422 டிகிரி என்ற பெருமை, காற்றைத் தடுக்கும் ஒரு தார்ப்பாயை நம்பி நிற்கிறது.

உலோகத்துக்கு உலோகம் இந்தச் சீரழிவு மாறும். அலுமினியம், குரோமியம் சேர்ந்த நிக்கல் கலவைகளின்மேல் உருவாகும் ஆக்சைடு, அடர்ந்து ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. மாலிப்டினத்தின் ஆக்சைடோ 795 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்கு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். காக்க வேண்டிய தோலே புகையாகப் போய்விடுவதால் உலோகம் திறந்த மேனியாக எரிந்துகொண்டே இருக்கும். காற்று கசியும் வெற்றிட அடுப்பின் குளிர்ந்த சுவரில் மஞ்சள் கலந்த வெண்மையான படிவு சேர்ந்திருந்தால், அது அடுப்பின் சொந்த மாலிப்டினம்தான். நியோபியத்தின் ஆக்சைடு ஆவியாகாது. ஆனால் பருமன் பெருத்து, பொத்தலாகி, உதிர்ந்துவிடும். கூடவே நியோபியமும் டாண்டலமும் ஆக்சிஜனைத் தமக்குள் தாராளமாகக் கரைத்துக்கொண்டு உள்ளிருந்தே இறுகி முறியும் நிலையை அடைகின்றன. ஹைட்ரஜனும் அவ்விரண்டுக்கும் ஆகாது. மாலிப்டினத்தையும் டங்ஸ்டனையும் ஹைட்ரஜனிலேயே சுடுவது வழக்கம். ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும் உலோகங்களுக்கு அடுப்பின் வாயுவே வேறாக இருக்க வேண்டும் என்றால், அவற்றை ஒரே அளவுகோலால் வரிசைப்படுத்துவதில் என்ன பயன்?

விமான எஞ்சினின் சூடான பகுதியில் சுழலும் டர்பைன் இறக்கைகள் இன்றும் நிக்கல் கலவையால் ஆனவை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அந்தக் கலவைகள் 1,350 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கிவிடும். இறக்கையின் உலோகம் 1,050 டிகிரியில் சுழல்கிறது என்றால், கெல்வின் கணக்கில் உருகுநிலையில் பத்தில் எட்டுப் பங்கு. அதைவிட 1,200 டிகிரிக்கு மேல் உயர்ந்த உருகுநிலையுள்ள மாலிப்டினத்தை அந்த இடத்தில் வைக்க 1950-களிலிருந்தே முயன்று வந்திருக்கிறார்கள். பூச்சு பூசினால் போதும் என்பார்கள். பூச்சில் ஊசிமுனை அளவு பெயர்ந்தாலும் அந்த இடம் வழியே உலோகம் புகைந்துவிடும் என்பதால் மனிதர் ஏறும் எஞ்சினில் அதை நம்ப இயலவில்லை.

விண்கலத்தில் கதை வேறு. அங்கே ஒருமுறை, சில நிமிடங்கள் உழைத்தால் போதும். நியோபியத்தோடு 10 விழுக்காடு ஹாஃப்னியமும் 1 விழுக்காடு டைட்டேனியமும் சேர்ந்த சி-103 என்னும் கலவை, சிலிசைடுப் பூச்சுடன், ராக்கெட் கூம்புக்குழல்களில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலை எஞ்சினிலும் கூம்பின் விரியும் பகுதி, கொலம்பியம் என்று பழைய பெயரால் இஸ்ரோ குறிப்பிடும் நியோபியம் கலவையால் ஆனதே. அதற்கு மாற்றாகக் கரி இழைகளைக் கரியாலேயே பிணைத்த கூம்பைத் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கி, மகேந்திரகிரியில் எரித்துச் சோதித்ததாக இஸ்ரோ 2024 ஏப்ரலில் அறிவித்தது. எடை மூன்றில் இரண்டு பங்கு குறைவதால் ராக்கெட் 15 கிலோ வரை கூடுதலாகச் சுமக்கலாம் என்பது அந்த அறிவிப்பு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கரிக் கூம்புக்கும் சிலிக்கன் கார்பைடு பூச வேண்டியிருக்கிறது. கரியும் காற்றில் எரியும் என்பதே காரணம். தங்கள் கட்டுரையாளர் நம் இரு மாநில எல்லையைச் சுற்றியே நடக்கும் இந்த வேலையை ஒரு வரியிலாவது சேர்த்திருக்கலாம்.

நான்காவது, வேறு உலோகம் தொடுவது. இதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாலிப்டினமும் நிக்கலும் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் கலந்து 1,300 டிகிரியைச் சற்றுத் தாண்டியதுமே உருகும். இது இரண்டின் உருகுநிலைக்கும் கீழே. உறுப்புகளை ஒட்டிப் பற்றவைக்கும் (பிரேசிங்) நிக்கல் பசையில் போரானும் சிலிக்கனும் இருப்பதால் இன்னும் முன்னதாகவே வினை தொடங்கும். ஒரு தொழிற்கூடத்தில் துருவேறா எஃகு உறுப்புகளை நிக்கல் பசையால் பற்றவைத்தபோது, அளவுக்கு மிஞ்சிய பசை வழிந்து மாலிப்டினத் தட்டில் சொட்டியிருந்தது. அடுப்பைத் திறந்தபோது தட்டில் சுட்டுவிரல் நுழையும் ஓட்டையும், ஓட்டையின் விளிம்பில் உருகி உறைந்த உதடும் இருந்தன. 2,623 டிகிரி தாங்கும் தட்டு எப்படி உருகும், சரக்கே போலியாகத்தான் இருக்கும் என்று நிர்வாகம் தட்டு விற்றவரிடம் சண்டைக்குப் போனது. இந்தக் கடிதத்துக்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

கட்டுரையின் இறுதியில், பல உலோகங்களைச் சம அளவில் கலந்த புதிய கலவைகள் வெப்பப் பிரச்சினைக்கே முடிவு கட்டிவிடும் என்ற தொனி இருந்தது. நியோபியம், மாலிப்டினம், டாண்டலம், டங்ஸ்டன் நான்கையும் சம பங்காகக் கலந்த கலவையைப் பற்றி அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் சென்கோவ் குழுவினர் 2010-லும் 2011-லும் வெளியிட்ட ஆய்வுகள் சிறப்பானவை என்பதில் ஐயமில்லை. 1,600 டிகிரியில் 400 மெகாபாஸ்கல் அளவுக்கு அது எதிர்த்து நின்றது. ஆனால் அந்த எண், ஒரு சிறு துண்டை இரு பக்கமும் அழுத்தி, குறுகிய நேரத்தில், காற்றில்லாமல் எடுத்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் இழுவிசையில் தொங்கும்போது அது எவ்வளவு நீளும் என்பது வேறு சோதனை. அறை வெப்பத்தில் அது முறியாமல் இருக்குமா என்பது வேறு. காற்றில் என்னாகும் என்பது வேறு. அமுக்கிப் பார்த்த எண்ணைத் தலைப்பில் போட்டுவிட்டு மற்ற மூன்றையும் பேசாமல் விடுவது, உருகுநிலைப் பட்டியலில் செய்த அதே தவறு.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. அந்தப் பட்டியலை மறுபடி வெளியிடும் வாய்ப்பு அமைந்தால், உருகுநிலைக்குப் பக்கத்தில் இன்னும் சில பத்திகளைச் சேர்த்து வெளியிடுங்கள்: புது மணிகள் பிறக்கும் வெப்பநிலை, முறியும் நிலை தொடங்கும் வெப்பநிலை, காற்றில் எத்தனை டிகிரி வரை வைக்கலாம் என்பது, எந்த வாயுவில் சுடலாம் என்பது. வலிமை எண் எதைத் தந்தாலும் அது எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம், எந்தச் சூழலில் எடுத்தது என்று அதே வரியில் அச்சிடுங்கள். ஐதராபாத்தில் அணு எரிபொருள் வளாகத்தின் பிரிவொன்று நியோபியத்தையும் டாண்டலத்தையும், மிதானி நிறுவனம் மாலிப்டினத்தையும் உற்பத்தி செய்கின்றன. அங்குள்ள பொறியாளர் எவரிடமேனும் ஒரு கட்டுரை கேட்டு வாங்கினால், எங்கள் பகுதிப் பள்ளிகளின் பலகைக்கு அதையே ஒட்டச் சொல்லி நானே கொண்டுபோய்த் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஓய்வுபெற்ற வெப்பப் பதமேற்றும் பிரிவு மேற்பார்வையாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

பி.கு.: ஐந்து உலோகங்களுக்கும் படிக அமைப்பு ஒன்றே என்று கட்டுரையின் படக்குறிப்பில் உள்ளது. மற்ற நான்குக்கும் கனசதுர அமைப்பு. ரீனியத்துக்கு அறுகோண அமைப்பு. குளிர்ந்தால் முறியும் குணம் ரீனியத்துக்கு இல்லாததற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதால் இதையும் திருத்திவிடுவது நல்லது.